இஷ்டமில்லாதவளைச் சுமக்காத கப்பல்

நீர்தான் அந்தப் பொய்யை எழுதினீர், வேறு யாரும் இல்லை. நூற்றாண்டு விழாவுக்கென்று வழவழத்த தாளில் அச்சடித்த உம்முடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில், வழித்துணை மாதா சபைக் கன்னியர்கள் தூத்துக்குடித் துறையில் நின்று அக்கரைக்குக் கடத்தப்பட்ட பெண்பிள்ளைகளைக் காத்த வரலாற்றை அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் கைகழுவுகிற அவசரத்தில் ஒரு வரி போட்டிருக்கிறீர்: 'அந்த ஆண்டுக்குப் பிறகு கொழும்புக் கப்பல் ஒருமுறைகூட நிற்கவில்லை, கன்னியரின் தொண்டு முழு வெற்றி கண்டது.' கப்பல் நின்றதை மறைக்காமல் எழுதினீர், அதுவரைக்கும் சந்தோஷம். நிற்காமல் போனதற்கு வெற்றி என்று பேர் வைக்க உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தங்கபுஷ்பத்தை விசாரித்தீரா? ஆவுடை என்று ஒருத்தி இருந்தாளே, அவள் பேராவது உம் காதில் விழுந்ததா? இல்லையல்லவா. உட்காரும். கேட்டுவிட்டுப் பிறகு மாலை வாங்கிக்கொள்ளும்.

கொழும்புக் கப்பல் முதல்முதலாக நின்றது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கரையோரம் ஆழம் கிடையாது என்பதால் கப்பல் வெகுதூரம் தள்ளித்தான் நங்கூரம் போடும், ஆளும் சரக்கும் லாஞ்சிலும் தோணியிலும் போய் ஏறவேண்டும், அன்றைக்கும் அப்படித்தான் ஏறினார்கள், நங்கூரம் தூக்கியாயிற்று, சங்கு ஊதியாயிற்று, புகைபோக்கி கரிய புகையைக் கக்கியது, பின்பக்கம் தண்ணீர் வெள்ளைவெளேரென்று கொதித்தது, கப்பல் மட்டும் ஆணியடித்துச் சுவரில் மாட்டின படம் மாதிரி அசையாமல் நின்றது. சங்குகுளிக்கிறவர்களை அடியில் இறக்கிப் பார்த்தார்கள். பாறை இல்லை, மணல்திட்டு இல்லை, கொஞ்சம் மீன்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் மதர் லெயோனி லாஞ்சு பிடித்துப் போய்ச் சேர்ந்தார். எந்தத் தேசத்திலிருந்தோ வந்து இந்த வெயிலில் காய்ந்த அந்தக் கன்னியம்மா தமிழ் படித்தது துறைமுகக் கூலிகளிடம், அதனால் அவர் பேசுகிற தமிழில் பாதியைக் கோயிலுக்குள் பேச முடியாது. கப்பல் புறப்படுகிற நாள்தோறும் கையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ரிப்பனைக் கட்டிக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறி, துணையில்லாமல் போகிற பெண்பிள்ளை ஒவ்வொன்றிடமும் யார் கூட்டிப்போகிறார்கள், எங்கே, என்ன வேலைக்கு, உனக்கு இஷ்டமா என்று கேட்பதுதான் அவருடைய ஜெபம். அன்றைக்குத் தாமதமாக வந்தவர், கோழிக் கூடைகளுக்குப் பின்னால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, ஏணி வழியாக லாஞ்சுக்கு இறக்கினார். பிள்ளையின் பாதம் கடைசிப் படியை விட்டதுதான் தாமதம், கப்பல் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளிப் பாய்ந்தது, சமையல்கட்டில் ரசப்பானை கவிழ்ந்தது.

ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. இரும்புக்கு என்ன, அதற்கும் ஒரு ரோசம் இருக்கும்தானே என்றார்கள், போய் வேலையைப் பார்த்தார்கள். அடுத்த வாரமும் நின்றது, அதற்கடுத்த மாதமும் நின்றது, நிற்க நிற்க ஊர் அதைப் பழகிக்கொண்டது. துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் காற்று, அலை, பெண் என்று மூன்றாகப் பிரித்து எழுத ஆரம்பித்தார்கள். நின்ற கப்பலைச் சுற்றித் தோணி போட்டுச் சுக்குக்காப்பியும் சீனிக்கிழங்கும் விற்கிறவர்கள் தோன்றினார்கள், அவர்களுக்குள் எல்லைத் தகராறு வந்து மண்டை உடைந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசின ஒரு உப்பளக்காரர், பெண்ணுக்கு மனசிருக்கிறதா என்று பார்க்க அவளைக் கப்பலில் ஏற்றி ஒருநடை கொழும்புக்குப் போய்வர ஆசைப்பட்டார். மாப்பிள்ளை வீட்டார் பயந்து போய் அதற்கு முன்னாலேயே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். பெற்றவர்கள் பிள்ளையை அதட்டும்போது, 'உன்னைக் கப்பல்ல ஏத்திப் பாத்தாத்தான் உம் மனசு தெரியும்' என்று அதட்டினார்கள். ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டவர்கள் குறைவு, எப்போது கிளம்பும் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

பிள்ளை பிடித்து அக்கரைக்கு அனுப்புகிற தரகர்களுக்கும் வயிறு இருக்கிறது, அவர்களும் பழகிக்கொண்டார்கள். முன்னெல்லாம் பிள்ளையை அடித்து ஏற்றினவர்கள், இப்போது கண்ணாடி வளையலும் பயாஸ்கோப் படமும் காட்டி ஏற்றினார்கள், தாயி, ராசாத்தி என்று தலையைத் தடவினார்கள். கப்பல் சில நேரம் ஏமாந்தது, பல நேரம் ஏமாறவில்லை.

இதில் மற்றக் கன்னியர்கள் செய்த காரியம்தான் காரியம். கப்பலே கேட்டுவிடுகிறதே, நாம் வேறு எதற்கு வெயிலில் ஏறி இறங்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. மடத்து மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பார்கள். கப்பல் நகர்ந்தால் எல்லாரும் இஷ்டப்பட்டவர்கள் என்று சிலுவை போட்டுக்கொண்டு துணி மடிக்கப் போவார்கள், நின்றால் மட்டும் மதரைக் கூப்பிடுவார்கள். அக்கரையில் அதே சபைக்கு ஒரு இல்லம் இருந்தது, முன்பு அங்கேயும் ஒரு சகோதரி ரிப்பன் கட்டிக்கொண்டு ஜெட்டியில் நின்று இறங்குகிற பிள்ளைகளை விசாரிப்பார். வந்து சேர்ந்த கப்பலில் இஷ்டமில்லாதவள் இருக்கவே முடியாதே என்று அவர்களும் கணக்குப் போட்டு, ஜெட்டிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அந்த அறையில் தையல் வகுப்பு வைத்தார்கள். மதர் லெயோனி ஒருத்தர்தான் நிற்காத கப்பலிலும் ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம் என்று சொன்னார்கள்.

இனி தங்கபுஷ்பம். ஜெட்டியில் சிந்தின சின்ன வெங்காயத்தைப் பொறுக்கிக் கிழிந்த சாக்கில் பரப்பி விற்று வளர்ந்தவள், பள்ளிக்கூட வாசல் பக்கம் போனது அங்கே வெங்காயம் விற்கத்தான், கட்டினவன் ஒருநாள் எழுந்து போய்விட்டான், போகட்டும் என்று அவள் தேடவில்லை, நாற்பது வயதில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றுகிற ஆண்களுக்கு நடுவில் அவளும் ஒரு வியாபாரியாக இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் தோணிக்காரன் துடுப்பைக் கீழே போட்டுவிடுவான். ஒரு பேரத்திலும் தோற்றதில்லை என்று அவளே சொல்லுவாள், மற்றவர்கள் மறுக்கப் பயந்தார்கள்.

அந்த வருஷம் மழை தப்பிப் பெய்து வெங்காயம் ஈரத்தோடு வந்திருந்தது. கடன்பட்டு வாங்கின சரக்கு மொத்தத்தையும் கப்பலில் ஏற்றினாள், அன்றைக்குப் பார்த்துக் கப்பல் நின்றது, மதர் லெயோனி காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். மற்ற சகோதரிகள் ஏணி ஏறிப் பழக்கம் விட்டவர்கள், மதருக்குச் சுகமாகட்டும் என்று ஜெபமாலை சொன்னார்கள். ஒரு பகல் போயிற்று, இன்னொரு பகலும் போயிற்று, கப்பலின் வயிற்றுக்குள் வெங்காயம் சூடேறி முளைவிட்டது, அந்த வாடை கடற்காற்றில் வந்து கரையில் கடை போட்டிருந்தவர்களின் மூக்கைத் துளைத்தது.

தங்கபுஷ்பம் தோணி பிடித்துப் போனாள். நேரே சரக்கறைக்குள் இறங்கி, மூட்டையைப் பிரித்து, அழுகினதைப் பிரித்து எறிந்து, நல்லதா என்று பார்க்க ஒவ்வொன்றாய் நகத்தால் கீறி முகர்ந்து, கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக மேல்தட்டுக்கு வந்து நின்று கத்தினாள்.

"எவட்டி அந்த மகாராணி? எழுந்திரிச்சு வாட்டி முன்னால!"

கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றது. உள்நாட்டுக் கரிசல் பூமியிலிருந்து பிடித்து வந்த பிள்ளை, பதினாலு வயது இருக்கலாம். பக்கத்தில் தரகர் பொன்னுரங்கம் குடை பிடித்தபடி சிரித்தார்.

"உம் பேரு என்னட்டி?"

"ஆவுடை."

"எங்க போற?"

"தோட்டத்துத் தொரை வீட்டுல பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் குடுக்கணுமாம். அப்படித்தான் இவுக சொல்லுதாக."

"சொல்லுதாகன்னா?"

"எனக்கு நம்பிக்கையில்லக்கா. எனக்குப் போக இஷ்டமில்ல."

அந்த இடத்தில் தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்து ஏணியில் இறக்கியிருக்கலாம். தோணி கீழே கட்டிக்கிடந்தது. பிள்ளையை இறக்குவது கன்னியம்மாக்கள் பாடு, நமக்கு எதற்கு அடுத்தவர் தொழில் என்று அவளும் ஊரோடு சேர்ந்து பழகிப்போயிருந்தாள். அதோடு அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"இஷ்டமில்லையாம்ல இஷ்டம்! எனக்கு மட்டும் பொறந்ததுலருந்து இஷ்டப்பட்டதெல்லாம் நடந்துச்சாக்கும்? கீழ போய்ப் பாருட்டி, எம் பொழப்பு மொத்தமும் முளைச்சுக் கிடக்கு. கரையில போய் நான் எவன் மூஞ்சில முழிக்க? உன் ஒருத்தி மனசுக்காகக் கப்பல் பூரா அழுகணுமோ?"

பொன்னுரங்கம் மெதுவாக நூலை விட்டார். "பாத்தியா தாயி, அக்கா அழுதாக பாரு. உன்னாலதான."

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். தங்கபுஷ்பத்தின் கன்னம் இரண்டும் நனைந்து, மூக்கு சிவந்து, முந்தானை ஈரமாகியிருந்தது. அது வெங்காயத்து நீர். வியாபாரத்தில் கிடந்தவளுக்கு அது அழுகையே இல்லை, துடைக்கக்கூட மறந்துவிடுவாள். ஆனால் ஆவுடைக்கு அது தெரியாது. அவளை அடித்தவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு, பெரிய மனுஷி ஒருத்தி அவள் முன்னால் கண்ணீரோடு நின்றது அதுவரை இல்லை.

"அழாதீங்கக்கா," என்றாள். "நான் போறேன். நெசமாத்தான் சொல்லுதேன், போறேன்."

நிஜமாகத்தான் சொன்னாள், அதுதான் கேடு. கப்பல் உடனே நகர்ந்தது. கீழே கட்டியிருந்த தோணியின் கயிறு படீரென்று அறுந்து பின்னால் போயிற்று. மேல்தட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். சரக்கு கிளம்பிவிட்டது என்று தங்கபுஷ்பத்தின் வயிறும் ஒரு நிமிஷம் குளிர்ந்தது, அந்த ஒரு நிமிஷத்தில் கப்பல் நல்ல தூரம் போய்விட்டது.

அப்புறம்தான் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முந்தானையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். யாரும் விளக்கிச் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு முழு ஆயுசை, அழக்கூடச் செய்யாமல், வெறும் வெங்காயத்து நீரைக் காட்டி வாங்கியிருக்கிறாள்.

"நிறுத்துங்கல கப்பல!" என்று அலறினாள். "நான் வரமாட்டேன்!"

கப்பல் நின்றது. அவளும் ஒரு பெண்தானே, அவளுக்கும் இஷ்டமில்லையே, அதனால் நியாயமாக நின்றது. கப்டன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார், லாஞ்சுக்குக் கொடி காட்டுகிறேன், இறங்கிப் போம்மா என்றார்.

"இந்தப் பிள்ளையோடதான் இறங்குவேன்."

"அது இஷ்டப்பட்டுடுச்சே. கப்பல் நகந்துச்சுல்லா, நீங்களே பாத்தீங்கள்லா?"

"யோவ், அது எம்மேல எரக்கப்பட்டுச்சு! எரக்கமும் இஷ்டமும் ஒண்ணா?"

கப்டனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அவருடைய கப்பலுக்கும் தெரியவில்லை. தங்கபுஷ்பம் ஆவுடையின் பக்கம் திரும்பி, தன் வாழ்நாளில் செய்த பேரங்களிலெல்லாம் பெரிய பேரத்தைத் தொடங்கினாள். அது அழுகையில்லட்டி, வெங்காயம் என்றாள். முளைவிட்ட வெங்காயம் ஒன்றை எடுத்துவந்து அவள் மூக்குக்கு நேரே பிளந்தும் காட்டினாள். ஆவுடையின் கண்ணிலும் நீர் வந்தது, இரண்டு பேரும் நீர் ஒழுக நின்றார்கள். கடையில வேலை தாரேன் என்றாள், என் வீட்டிலேயே இரு என்றாள், என் மகளா இரு என்றாள். சொல்லச் சொல்ல ஆவுடை மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் இறங்குனா இந்தக் குடைக்காரரு கப்பலத் திரும்ப நிறுத்தி வைப்பாரு, போலீசு, விசாரணைம்பாரு. உங்க சரக்கு அழுகிரும். நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்க்கா. நீங்க போங்க."

எதையுமே வேண்டாதவளிடம் எப்படிப் பேரம் பேசுவது? தங்கபுஷ்பம் தோற்றாள். தோற்றவள் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தாள், பிறகு கயிற்றுச் சுருளில் பிள்ளையின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரிட்டி. நானும் வாரேன்."

அவளும் நிஜமாகத்தான் சொன்னாள். கப்பல் கிளம்பிற்று, அதன் பிறகு எங்கேயும் நிற்கவில்லை.

வழியெல்லாம் அவள் ஆவுடையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அக்கரையில் ரிப்பன் கட்டின கன்னியம்மா ஜெட்டியில் நிற்பார், அவர் கையில் ஒப்படைத்துவிட்டால் பொன்னுரங்கத்தின் குடை ஒடிந்தது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். கொழும்பு ஜெட்டியில் மூட்டை இருந்தது, கூலிகள் இருந்தார்கள், காக்கை இருந்தது, ரிப்பன் இல்லை. வாசலில் ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள், பிறகு பெண்களில் தோட்டத்து ஆள்களை ஒரு பக்கம், மற்றவர்களை ஒரு பக்கம் என்று பிரித்தார்கள், அதில் ஆவுடையின் மணிக்கட்டு அவள் பிடியிலிருந்து போயிற்று. தங்கபுஷ்பம் கத்தினாள், கடித்தாள், ஒரு சிப்பாயின் பித்தளைப் பொத்தானைப் பிய்த்தாள். என்ன கலாட்டா என்று மேலதிகாரி கப்டனைக் கேட்டார், கப்பல் தானாக வந்ததா, நின்றதா என்று கேட்டார், தானாகத்தான் வந்தது என்றார் கப்டன்.

"அப்போ இஷ்டப்பட்டுத்தானே வந்திருக்காங்க," என்றார் மேலதிகாரி.

"இரும்புக்கு என்னய்யா தெரியும் பொம்பளை மனசு! அந்தப் பிள்ளையக் கேளுய்யா, ஒரே ஒரு தடவை வாயத் திறந்து கேளு!"

கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இரண்டு கரையிலும் போய்விட்டிருந்தது. துணையும் சீட்டும் இல்லாமல் வந்தவள் என்று அவளை ஒரு அறையில் அடைத்தார்கள், திறந்துவிட்டபோது ஜெட்டி காலியாக இருந்தது. அவள் விசாரித்து விசாரித்துச் சபையின் இல்லத்துக்குப் போய்க் கதவை உதைத்தாள். உள்ளே பிள்ளைகள் தலையணை உறையில் ரோஜாப்பூ தைத்துக்கொண்டிருந்தார்கள். சகோதரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, பயப்படாதீங்கம்மா, அந்தக் கப்பல் இஷ்டமில்லாதவர்களை ஏற்றாது, உங்களுக்குத் தெரியாதா என்று ஆறுதல் சொன்னார்.

இக்கரையில் மதர் லெயோனிக்குக் காய்ச்சல் விட்டது. கண் விழித்ததும், யார் போய்க் கேட்டீர்கள் என்றார். கப்பலே கேட்டுவிட்டது மதர் என்றார்கள். அவர் படுக்கையை விட்டு எழுந்து சிற்றாலயத்துக்குப் போய், பீடத்துக்கு முன்னாலேயே, கூலிகளிடம் கற்ற ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார், மெழுகுவர்த்தி அணைந்தது என்பார்கள். அதற்குப் பிறகு கப்பல் நிற்கவே இல்லை. தரகர்கள் எல்லாருக்கும் சூட்சுமம் தெரிந்துவிட்டது. வளையலும் வேண்டாம், படமும் வேண்டாம், கூட ஒரு ஆளை அழவைத்தால் போதும். படுத்த படுக்கையான அப்பாவைக் கரைக்குத் தூக்கிவந்து காட்டினார்கள், எலும்பும் தோலுமாய்க் கிடந்த தம்பியைக் காட்டினார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் பொன்னுரங்கமே குடையை மடக்கிவிட்டு அழுதார், நன்றாக அழுவார். பிள்ளைகள் இரக்கப்பட்டன. கப்பல் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது, சரியான நேரத்துக்குச் சேர்ந்தது. சுக்குக்காப்பித் தோணிகள் வேறு பிழைப்புக்குப் போயின. அறிவிப்புப் பலகையில் பெண் என்ற காரணத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். தொண்டுக்கு இனி அவசியமில்லை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து மதர் லெயோனியை மலைமேல் ஒரு மடத்துக்கு அனுப்பினார்கள். நீர் அதை 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறீர்.

தங்கபுஷ்பம் திரும்பவில்லை. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாள், ஆவுடை என்று பேர் சொன்னால் ஊருக்கு ஒரு ஆவுடை இருந்தாள், அந்த ஆவுடை இல்லை. தோட்டத்துக்கே வரவில்லை என்றும், அங்கிருந்து வேறு கப்பலில் வேறு தேசத்துக்குப் போயாயிற்று என்றும் சொன்னார்கள். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் சாக்கை விரித்து மறுபடியும் வெங்காயம் விற்றாள், தூத்துக்குடிக் கப்பல் வருகிற நாளில் மட்டும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஜெட்டிக்குப் போனாள். கையில் ரிப்பன் இல்லை, யாரும் அவளை அனுப்பவும் இல்லை. இறங்குகிற பிள்ளை ஒவ்வொன்றையும் வழிமறித்தாள். உனக்கு இஷ்டமா என்று அவள் கேட்கவில்லை, அந்தக் கேள்வி கெட்டுப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏ பிள்ளே, நீ வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, அங்கன யாரு அழுதிருப்பா?"

அப்பா என்று ஒருத்தி சொல்லுவாள், தம்பி என்று ஒருத்தி, அந்தக் குடைக்காரரு பாவம்க்கா என்று ஒருத்தி. சொன்னவளின் மணிக்கட்டைப் பிடிப்பாள், பிடித்தபின் சபையின் இல்லத்து வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் விடமாட்டாள். சிப்பாய்கள் அடித்துப் பார்த்தார்கள், பிறகு அலுத்துப் போனார்கள், பிறகு அவள் வருகிற நேரத்தில் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். தையல் வகுப்பில் இடம் போதாமல் போயிற்று. சகோதரிகளுக்கு இத்தனை பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது புரியவில்லை, கதவை மட்டும் சாத்தாமல் வைத்தார்கள். சாகிற வரைக்கும் அவள் ஒரு கப்பலையும் விடவில்லை. ஒவ்வொரு கப்பலிலும் ஆவுடையைத்தான் தேடினாள், இறங்கினவள் ஒருத்தியும் ஆவுடை இல்லை.

ஐயா, உமக்குப் படிப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, கப்பல் நின்ற நாளையெல்லாம் தேடிப்பிடித்துக் கோத்த பொறுமையும் இருக்கிறது. நிற்காத கப்பலில் யார் இருந்தார்கள் என்று மட்டும் நீர் பார்க்கவில்லை. நின்றது மட்டும்தான் உமக்குச் சாட்சி, நகர்ந்ததெல்லாம் சம்மதம். கொழும்பு ஜெட்டியில் அந்த மேலதிகாரி கேட்காமல் விட்டதை நீர் இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் கேட்காமல் விட்டிருக்கிறீர், அதுவும் அச்சில். அடுத்த வாரம் விழா என்கிறார்கள், புத்தகம் இன்னும் கட்டுப் பிரிக்காமல் மடத்துக் கூடத்தில் அடுக்கிக் கிடக்கிறதாம். நேரம் இருக்கிறது. போம். கட்டைப் பிரியும், கடைசிப் பக்கத்தைத் திருப்பும், வெற்றி என்ற சொல்லின் மேல் உம் கையாலேயே கோடு போடும், அத்தனை பிரதியிலும் போடும், கை வலித்தால் வலிக்கட்டும். அதன் கீழே எழுதும்: ஆவுடை இஷ்டப்பட்டுப் போகவில்லை, இரக்கப்பட்டுப் போனாள், அவளை ஒருவரும் கேட்கவில்லை. எழுதிவிட்டு வாரும், அப்புறம் உமக்கு மாலை போடலாமா என்று பேசுவோம்.